முதலில் மாதம், அப்புறம்தான் தீவு

கிழக்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் விடிந்த முதல் காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முந்தைய நாள் இருட்டியபின் போய் இறங்கியிருந்தோம். விடியற்காலையில் அலையோசை அறைக்குள்ளேயே கேட்டது. ஒன்பது மணி வாக்கில் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினால், கடலைக் காணோம். பாசி படிந்த ஈரத்தரை கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடந்தது. எங்கோ தொலைவில் வெள்ளைக் கோடாக அலை உடைந்துகொண்டிருந்தது. நடுவில் சில பெண்கள் குனிந்து, கயிற்றில் வளர்த்திருந்த கடற்பாசியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். விடுதிக்காரரிடம் போய்க் கேட்டேன். "மூன்று மணிக்கு வரும்" என்றார், ஏதோ பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல. சொன்னபடி வந்தது. படத்தில் பார்த்த அதே நீலம், படியில் வந்து மோதியது.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. விளம்பரப் படம் உண்மையான படம்தான். எந்த மாதம் எடுத்தது, எந்த நேரத்தில் எடுத்தது, காற்று எந்தப் பக்கம் அடித்த நாள் என்பதைத்தான் அது சொல்லவில்லை. வெப்பமண்டலத் தீவுக் கடற்கரைக்கு முதல்முறை போகிறவர்கள் அந்த மூன்றையும் தெரிந்துகொண்டு கிளம்பினால் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும். அதற்கான வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. விடுப்பு எந்த மாதம்?

வழக்கமாக நாம் செய்வது என்ன? ஒரு தீவின் மேல் ஆசைப்படுகிறோம், பிறகு விடுப்பு கிடைக்கிற மாதத்தில் அங்கே டிக்கெட் போடுகிறோம். இதை மாற்றிச் செய்யுங்கள். மாதம் கையில் இருக்கட்டும். அந்த மாதத்தில் எந்தக் கடல் அமைதியாக இருக்கும் என்று பாருங்கள்.

வெப்பமண்டலம் என்பது பூமத்தியரேகைக்கு இருபுறமும் ஏறத்தாழ 23.5 பாகை வரை உள்ள பகுதி. அங்கே வெயில் வருடம் முழுக்க உண்டு. மாறுவது காற்றின் திசையும் மழையும்தான். ஆசியப் பக்கம் வருடத்துக்கு இருமுறை காற்று திரும்பும். அதோடு கடலின் குணமும் திரும்பும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான், தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள புக்கெட், கிராபி, பீபீ தீவுகள், பிலிப்பைன்ஸின் போராகாய், இலங்கையின் தென்மேற்கில் உள்ள மிரிஸ்ஸ, உனவடுன ஆகியவை நல்ல தெரிவு. கரீபியன் தீவுகளுக்கும் இதுதான் சிறந்த காலம். அதனாலேயே கூட்டமும் அப்போதுதான்.

மே முதல் செப்டம்பர், அக்டோபர் வரை என்றால் வரைபடத்தின் மறுபக்கம் திரும்புங்கள். பாலி, லொம்போக், கிலி தீவுகள், ஃபிஜி, குக் தீவுகள், பொரா பொரா எல்லாம் வறண்ட காலத்தில் இருக்கும். மலேசியாவின் கிழக்கில் பெர்ஹெந்தியன், ரெடாங், தியோமான் தீவுகளும் அப்போதுதான் உயிர்பெறும். வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அங்கே பல விடுதிகள் கதவைச் சாத்திவிடுவார்கள். இலங்கையிலும் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கை விட்டுவிட்டுக் கிழக்கே நிலாவெளி, அறுகம்பை என்று போக வேண்டும். ஒரே சிறிய நாடு, ஒரு கரையில் கடல் கொந்தளிக்கும்போது மறுகரை குளம்போல இருக்கும். சான்சிபாருக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரு பருவம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இன்னொன்று. மார்ச் பாதியிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம்.

தாய்லாந்தில் ஒரு பொறி உண்டு. சாமுய் தீவு மேற்குக் கரையில் இல்லை, வளைகுடாப் பக்கம் இருக்கிறது. அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் மழை அதிகம். "தாய்லாந்துக்கு நவம்பர் நல்லது" என்று யாரோ சொன்னதை நம்பி சாமுய்க்குப் போனால் குடையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது புயல். அட்லாண்டிக், கரீபியன் பகுதிக்கு அதிகாரபூர்வமான சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சம். தென் பசிபிக், தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் இரண்டுக்கும் (மொரிஷியஸ் இதில் அடங்கும்) நவம்பர் முதல் ஏப்ரல் வரை. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் விசை வேண்டும். பூமத்தியரேகைக்கு ஒட்டி, ஏறத்தாழ 5 பாகைக்குள், அந்த விசை மிகவும் குறைவு. ஆகவே அங்கே புயல் உருவாவது மிக அரிது. சீஷெல்ஸின் முக்கியத் தீவுகள் புயல் கவலை இல்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். கரீபியனில் அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் வெனிசுவேலாவுக்கு அருகே, வழக்கமான சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. செப்டம்பரில்தான் விடுப்பு, கரீபியன்தான் ஆசை என்றால் இந்த மூன்றில் ஒன்றைப் பாருங்கள்.

கரீபியனுக்கு இன்னொரு விஷயம். சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி 2011 முதல் அடிக்கடி பெருமளவில் கரை ஒதுங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும், கிழக்கு நோக்கிய கரைகளில் அதிகம். குவிந்து அழுகினால் முட்டை கெட்ட நாற்றம். அந்த மாதங்களில் மேற்கு நோக்கிய கரையாகத் தேடுங்கள்.

பருவம் தவறினால் எல்லாமே வீண் என்று நினைக்க வேண்டாம். மாலத்தீவின் பா அட்டோல் என்ற வளைய வடிவப் பவளத் தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு விரிகுடா இருக்கிறது. மழைக்காலமான மே முதல் நவம்பர் வரைதான் அங்கே மந்தா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வரும். வெயில் காய ஆசைப்படுகிறவருக்கு அது கெட்ட மாதம், திருக்கை பார்க்கிறவருக்குப் பொன்னான மாதம்.

2. எந்த மாதிரிக் கரை வேண்டும்?

"வெள்ளை மணல், நீலக் கடல்" என்று சொன்னால் போதாது. தீவு எப்படிப் பிறந்தது என்பதைப் பொறுத்துக் கரையும் மாறும். மூன்று வகை தெரிந்தால் போதும்.

முதல் வகை பவளத் தீவுகள். மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். எதுவும் கடல்மட்டத்துக்கு மேல் ஆள் உயரத்தைத் தாண்டி அதிகம் எழும்பாது. மலை இல்லை, ஆறு இல்லை, ஆகையால் கடலில் சேறு கலப்பதும் இல்லை. சுற்றிலும் பவளப்பாறை வேலிபோல நின்று அலையைத் தடுக்க, உள்ளே ஆழமில்லாத நீர்ப்பரப்பு கிடைக்கும். நீச்சல் அதிகம் தெரியாதவர்களுக்கு இது ஏற்றது. லட்சத்தீவின் அகத்தியும் பங்காரமும் இதே சாதி. குக் தீவுகளின் அய்ட்டுடாக்கியில் பவள வளையத்துக்குள் சிறிய எரிமலை மேடும் உண்டு, என்றாலும் உள்ளே கிடைக்கும் தண்ணீர் அதே அமைதியான தண்ணீர்தான். ஆனால் ஒன்று: மாலத்தீவு போன்ற குட்டித் தீவில் பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடுவீர்கள். நாலாம் நாள் கை கால் பரபரக்கும் ஆசாமியாக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எரிமலைத் தீவுகள். ஹவாய், பொரா பொரா, மொரிஷியஸ். நடுவில் மலை, அருவி, காடு. கரையோடு சேர்த்துப் பார்க்க வேறு விஷயங்களும் இருப்பதால், குழந்தைகளும் பெரியவர்களுமாகப் போகும் குடும்பத்துக்கு நான் முதலில் மொரிஷியஸைத்தான் சொல்வேன். தீவைப் பெரும்பாலும் பவளப்பாறை சூழ்ந்திருக்கிறது. மேற்கிலும் வடமேற்கிலும் ஃபிளிக் என் ஃபிளாக், த்ரூ ஓ பிஷ் போன்ற கரைகளில் தண்ணீர் அமைதி.

மூன்றாவது கருங்கல் தீவுகள். சீஷெல்ஸின் மாஹே, பிராலின், லா டிக் மூன்றும் இப்படி. கண்டங்கள் பிரிந்தபோது நடுக்கடலில் தங்கிவிட்ட துண்டுகள் அவை. யானை முதுகுபோல வழவழத்த பாறைகள் மணலுக்குள் இறங்கி நிற்கும். லா டிக்கின் ஆன்ஸ் சூர்ஸ் தர்ஜான் உலகத்தில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட கரைகளில் ஒன்று. படம் பொய் சொல்லவில்லை, அழகு அபாரம். ஆனால் தண்ணீர் முழங்கால், இடுப்பளவுதான். நீந்துவதற்கு அல்ல, பாறைகளுக்கு நடுவே நடப்பதற்கான கரை அது. அதே தீவின் மறுபக்கம் கிராண்ட் ஆன்ஸ் பெரிய அலையும் வலுவான நீரோட்டமும் உள்ளது. பார்க்கப் போகலாம், குளிக்கக் கூடாது.

மணலைப் பற்றிக் கொஞ்சம். பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பங்கு கிளிமீன்களின் கைங்கரியம். அவை பவளப்பாறையைக் கொத்தித் தின்று, கல்லை அரைத்துப் பின்வழியாக மணலாக விடுகின்றன. பெரிய கிளிமீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். தேனிலவுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவது நாகரிகம். பஹாமாஸின் ஹார்பர் தீவில் மணல் இளஞ்சிவப்பு. சிவப்பு ஓடுள்ள நுண்ணுயிர்கள் காரணம். ஹவாயின் புனலூவில் எரிமலைக் குழம்பு கடலில் விழுந்து சிதறியதால் கறுப்பு மணல், பாப்பகோலேயாவில் ஒலிவின் என்ற கனிமத்தால் பச்சை மணல். கறுப்பு மணல் நடுப்பகலில் காலைச் சுட்டுவிடும். இதற்கு நேர்மாறு ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவில் உள்ள ஒயிட்ஹேவன். 7 கிலோமீட்டர் நீளம், மணலில் ஏறத்தாழ 98 சதவீதம் சிலிக்கா. உச்சி வெயிலிலும் வெறுங்காலோடு நடக்கலாம். கேமராவுக்குள் புகுந்தால் மட்டும் அந்த மாவு மணல் அதை ஒழித்துவிடும்.

3. தீவின் எந்தப் பக்கம்?

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. தீவைச் சரியாகத் தேர்ந்துவிட்டு, தவறான பக்கத்தில் அறை எடுத்துவிடுவார்கள்.

போராகாய் நல்ல உதாரணம். தீவின் இடுப்பு மிகவும் ஒடுக்கம். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடலாம். மேற்கே 4 கிலோமீட்டர் நீளத்தில் ஒயிட் பீச், கிழக்கே புலபோக். நவம்பர் முதல் மே வரை வடகிழக்கிலிருந்து காற்று வரும். அப்போது ஒயிட் பீச் கண்ணாடி. புலபோக்கில் பட்டம் கட்டிச் சறுக்குகிறவர்கள் பறந்துகொண்டிருப்பார்கள். ஜூன் வாக்கில் காற்று தென்மேற்குக்குத் திரும்பும், கரைகளின் குணமும் இடம் மாறிவிடும். சீஷெல்ஸிலும் இப்படித்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று. அந்தச் சமயத்தில் வடமேற்கே உள்ள போ வல்லோன், ஆன்ஸ் லாசியோ அமைதி. காற்று மாறும் ஏப்ரலும் அக்டோபரும் எல்லாப் பக்கமும் ஓரளவு சாது. ஹவாயின் ஓஹு தீவின் வடகரையில் குளிர்காலத்தில் மாடி உயர அலைகள் எழும். கோடையில் அதே இடத்தில் சிறுவர்கள் மிதப்பார்கள்.

ஆக, அறை பதிவு செய்யும் முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் போகும் மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அதற்கு முதுகு காட்டும் கரையில் தங்குங்கள். பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து அந்தக் கரையைப் பெரிதாக்குங்கள். கரைக்குச் சற்றுத் தள்ளி வெள்ளைக் கோடு தெரிந்தால் அலை அங்கேயே பாறையில் உடைகிறது, உள்ளே நீர் அமைதி. வெளிர்நீலம் மணல்தரை. கரும்பச்சைத் திட்டுகள் என்றால் கடற்புல்லோ பவளமோ. அங்கே வெறுங்காலோடு இறங்க முடியாது. விருந்தினர்கள் போட்ட படங்களில் உங்கள் மாதத்தில் எடுத்தவற்றை மட்டும் பாருங்கள். விடுதி போட்ட படங்களை விட்டுத்தள்ளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கடலேற்றமும் வற்றலும் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கரீபியனில் வித்தியாசம் சொற்பம். மாலத்தீவில் ஏறத்தாழ ஒரு மீட்டர். சான்சிபாரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டர் வரை போகும். கரை சரிவாக இருந்தால் தெரியாது. பஜே, ஜம்பியானி போல நீண்ட தட்டையான கரையில் கடல் பின்வாங்கினால் தேடித்தான் போக வேண்டும். அதே தீவின் வடமுனையில் நுங்வி, கெண்ட்வா இரண்டிலும் கரை சீக்கிரம் ஆழமாவதால் எந்நேரமும் குளிக்கலாம். விடுதிக்கு எழுதும்போது இதைக் கேளுங்கள்: "கடல் வற்றியிருக்கும்போதும் உங்கள் கரையில் நீந்த முடியுமா?" மழுப்பலாகப் பதில் வந்தால் முடியாது என்று பொருள். கடல் ஏறும், வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கிழக்குக் கரையை ஒதுக்கச் சொல்லவில்லை. காலையில் வற்றிய தரையில் நடந்து குட்டைகளில் நட்சத்திர மீன் பார்ப்பது, மாலையில் நீந்துவது என்று நாளைப் பிரித்துக்கொண்டால் அது தனிச் சுகம். எனக்கு மூன்றாம் நாளில்தான் அது புரிந்தது.

4. விமான நிலையத்துக்கு அப்புறம்

தீவுப் பயணத்தில் நீண்ட விமானத்தைவிடக் கடைசித் துண்டுதான் தலைவலி. மாலத்தீவில் கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் தலைநகர் மாலேயில் இறங்கினால் தொலைவிலுள்ள தீவுக்கு அன்றைக்குப் போக முடியாது. ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டும். ஆகவே முற்பகலில் இறங்கும் விமானத்தைப் பாருங்கள், இல்லையென்றால் வேகப்படகில் போகும் தூரத்தில் உள்ள தீவைத் தேர்ந்தெடுங்கள். கடல்விமானத்தில் பெட்டியின் எடைக்கும் கட்டுப்பாடு உண்டு, பொதுவாக 20 கிலோ.

சீஷெல்ஸில் மாஹேயிலிருந்து பிராலினுக்கு வேகப்படகில் ஒரு மணி நேரம், அங்கிருந்து லா டிக்குக்குக் கால் மணி நேரம். லா டிக்கில் சைக்கிள்தான் வாகனம். பொரா பொராவில் விமான நிலையமே தனிக் குட்டித்தீவில் இருக்கிறது; இறங்கியதும் படகுதான். லட்சத்தீவில் விமான நிலையம் இருப்பது அகத்தியில் மட்டும்.

பயணத்திட்டம் போடும்போது ஒரு வாரத்துக்கு இரண்டு தீவுக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு தீவு மாற்றமும் ஏறக்குறைய ஒரு நாளைத் தின்றுவிடும். குமட்டல் உள்ளவர்கள் படகில் பின்பக்கம், நடுவாக உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை போடுவதென்றால் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை.

5. அங்கங்கே உள்ள விதிகள்

சில கரைகள் நினைத்தபோதெல்லாம் திறந்திருப்பதில்லை. தாய்லாந்தின் மாயா விரிகுடாவைக் கூட்டம் தின்றுவிட்டது. பவளம் அழிந்து, 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போதும் வருடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் மூடுகிறார்கள், நீந்தவும் கட்டுப்பாடு உண்டு. அதே நாட்டின் சிமிலான் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும். போராகாயை 2018இல் ஆறு மாதம் முழுதாகவே மூடினார்கள். பிரேசிலின் ஃபெர்னாண்டோ டி நோரோன்யாவில் பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. தங்கும் நாளுக்கு ஏற்பச் சுற்றுச்சூழல் கட்டணமும் உண்டு. ஹவாயின் ஹனௌமா விரிகுடாவில் வெளியூர்க்காரர்கள் முன்பதிவு செய்து, ஒரு சிறு காணொளியும் பார்த்த பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது.

மாலத்தீவுக்கு விசா இறங்கியதும் கிடைக்கும். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சொகுசு விடுதித் தீவுகளில் மது உண்டு, மக்கள் வாழும் தீவுகளில் கிடையாது. பெட்டியில் கொண்டுபோகவும் கூடாது. மக்கள் வாழும் தீவுகளில் நீச்சலுடைக்கென்று தனிக் கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடத்தில் தோளும் முழங்காலும் மூடிய உடை. சான்சிபாரின் ஊருக்குள்ளும் இதே மரியாதை எதிர்பார்க்கப்படும். 2024 அக்டோபர் முதல் அங்கே உள்ளூர்ப் பயணக் காப்பீடும் கட்டாயம். இ-சிகரெட்டை மாலத்தீவு, தாய்லாந்து இரண்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள், இரண்டிலும் தடை.

6. பையில் என்ன

குறைவாக. உண்மையில் மிகக் குறைவாக.

முழுக்கை நீச்சல் மேலாடை ஒன்று கட்டாயம். முகமூடி போட்டு மிதக்கும்போது முதுகு ஒரு மணி நேரம் வெயிலைப் பார்த்துக் கிடக்கும். தண்ணீரின் குளிர்ச்சியில் சூடு தெரியாது. இரவுதான் படுக்க முடியாமல் தெரியும். மேலாடை இருந்தால் வெயில் தடுப்புக் களிம்பும் குறைவாகப் போதும். களிம்பு வாங்கும்போது துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளதாகப் பாருங்கள். பவளத்துக்குக் கேடு என்று சொல்லி ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த களிம்புகளை பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதல் தடை செய்திருக்கிறது. ஹவாய் 2021 முதல் விற்பனையைத் தடுத்திருக்கிறது. இரண்டு மணிக்கொரு முறை, குளித்து வந்ததும் இன்னொரு முறை பூச வேண்டும்.

பவளக் கற்களிலும் கடல் முள்ளெலிகளிலும் மிதிக்காமலிருக்க ரப்பர் அடியுள்ள தண்ணீர்ச் செருப்பு. வாய் இறுக மூடும் நீர்புகாப் பை. கொசு விரட்டி, டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. முகத்துக்குப் பொருந்தும் முகமூடியை முடிந்தால் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். வாடகை முகமூடிகளில் பாதி ஒழுகும்.

7. தண்ணீரில் இறங்கும்போது

போனவுடன் பாயாதீர்கள். ஐந்து நிமிடம் கரையில் நின்று கடலைப் பாருங்கள். உள்ளூர்ச் சிறுவர்கள் எங்கே குளிக்கிறார்கள், எங்கே குளிக்கவில்லை? அலைகள் வரிசையாக உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரிகிறதா? பார்த்தால் அதுதான் பாதுகாப்பான இடம்போல இருக்கும். இல்லை. கரைக்கு வந்த நீரெல்லாம் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். எந்த நீச்சல்காரரும் களைத்துவிடுவார். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் கரைக்குத் திரும்புங்கள்.

முகமூடியும் மூச்சுக்குழாயும் முதல்முறை போடுகிறவர்கள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு முகத்தை மட்டும் முக்கிப் பழகுங்கள். வாயால் மூச்சு விடுவது முதல் இரண்டு நிமிடம் விசித்திரமாக இருக்கும், பிறகு பழகிவிடும். கண்ணாடி மங்கினால் உள்பக்கம் எச்சிலைத் தேய்த்து அலசுங்கள்; கேவலமாக இருந்தாலும் இதைவிட நல்ல மருந்து இல்லை. மிதவைச் சட்டை போட்டுக்கொள்ள வெட்கம் வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது கல் அல்ல, உயிர். போதாக்குறைக்கு அதில் கீறிய காயம் சீக்கிரம் ஆறாது.

சில இடங்களுக்கென்று தனி எச்சரிக்கைகள் உண்டு. ஒயிட்ஹேவன் பக்கம் நவம்பர் முதல் மே வரை கொடிய பெட்டி ஜெல்லிமீன் வரும். உடலை மூடும் மெல்லிய உடை இல்லாமல் இறங்கக் கூடாது. அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. ஹேவ்லாக்கின், இப்போதைய பெயரில் ஸ்வராஜ் தீவின், ராதாநகர் கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் எச்சரிக்கைப் பலகையும் காவலரும் சொன்ன எல்லைக்குள்தான் குளிக்க வேண்டும். கல்போலக் கிடக்கும் நச்சு முள்ளுள்ள கல்மீனை மிதித்துவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்தபடி மருத்துவரிடம் போங்கள்.

கரீபியன் கரைகளில் மாஞ்சினீல் என்று ஒரு மரம் உண்டு. சிறிய பச்சை ஆப்பிள்போலப் பழம், குளிர்ச்சியான நிழல். பழம் நஞ்சு, பால் பட்டால் தோல் வெந்துவிடும், மழையில் அதன் கீழ் ஒதுங்கினாலே சொட்டும் நீர் கொப்புளம் ஆக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசி வைத்திருப்பார்கள். எந்தத் தீவிலும், காய்த்த தென்னைக்கு நேர் கீழே விரிப்பைப் போடாதீர்கள் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் படத்துக்காகப் போடுகிறார்கள்.

படம் எடுக்கத்தான் ஆசை என்றால், கடல் அதிகம் நீலமாகத் தெரிவது சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும்போது. ஒளி நேராக இறங்கி வெள்ளை மணலில் பட்டுத் திரும்பும். மேகம் மூடினால் அதே கடல் சாம்பல் நிறம். காலை, மாலை வெயிலில் மனிதர்கள் நன்றாக விழுவார்கள், கடல் விழாது.

8. கடைசி இரண்டு நாட்கள்

ஆழ்கடல் முக்குளிப்பு செய்வதாக இருந்தால் பயணத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். பலமுறை முக்குளித்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டிலும் நரம்பிலும் தொந்தரவு தரும். மேலோட்டமாக மிதந்து பார்ப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

சங்கு, பவளத் துண்டு, மணல் எதையும் பையில் போடாதீர்கள். மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் பவளம் எடுப்பது குற்றம். புனலூவில் கறுப்பு மணல் எடுப்பதும் அப்படியே. சீஷெல்ஸில் இரட்டைத் தேங்காயான கோகோ டி மேர் வாங்கினால் அரசுச் சான்றோடு வாங்க வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

கடைசி இரவைக் குட்டித் தீவில் வைக்காதீர்கள். காற்று கொஞ்சம் முரண்டு பிடித்தால் படகு நின்றுவிடும். உங்கள் பெரிய விமானம் காத்திருக்காது. விமான நிலையம் உள்ள தீவுக்கு முந்தைய நாளே வந்துவிடுங்கள். அங்கேயும் ஏதாவதொரு கரை இருக்கும். மாலை ஓதம் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.